அலான்சோன் வீட்டின் வியாழக்கிழமை



1870-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், நார்மண்டிப் பக்கத்து அலான்சோன் என்ற ஊரில், ஒரு கடிகாரக்காரர் தன் கடையைச் சகோதரியின் மகனுக்கு விற்றார். கடை நஷ்டத்தில் ஓடவில்லை. அவருக்கு உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. கடிகாரமும் நகையும் விற்று இருபது வருஷமாகப் பெயரெடுத்த கடை. மனைவியின் தொழில் அவருடைய தொழிலைவிடப் பெரிதாகிவிட்டது, அதை அந்த அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அதுதான் காரணம். கணவர் தன் கடையை விட்டுவிட்டு, மனைவியின் தொழிலுக்குக் கணக்கு எழுதவும், பாரிஸுக்கு ரயில் ஏறி வியாபாரம் பேசவும் வந்து சேர்ந்தார்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி இது. பின்வரிசையில் அப்பாமார் சிரிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரியுங்கள். அந்த மனிதருக்குத் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்திருக்கிறது. கடையை விற்றதற்காகக் கொடுக்கவில்லைதான். நான் என் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் லூயி மார்ட்டின். மனைவி செலி. நம் பீடங்களில் சிலுவையையும் ரோஜாப் பூக்களையும் மார்போடு அணைத்து நிற்கிறாரே சிறுமலர் குழந்தை தெரேசா, அவருடைய அம்மாவும் அப்பாவும். 1927-இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர், தெரேசாவைப் புனித சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி என்று அறிவித்தார். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊராக நடந்த சவேரியார் ஒரு பக்கம். பதினைந்து வயதில் லிசியே மடத்துக்குள் போய் இருபத்துநான்கு வயதில் அதற்குள்ளேயே இறந்த பெண் இன்னொரு பக்கம். அதனால் நமக்குத் தெரேசா அந்நியரில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி கொடியேற்றாத ஊரிலும் ‘சிறுமலர்’ என்று ஒரு பள்ளியாவது, ஒரு தையல் கடையாவது இருக்கும்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு ‘புனிதையைப் பெற்ற தாய்’. அருட்தந்தை மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் விலகிப் பேசப்போகிறேன். செலி இறந்தபோது தெரேசாவுக்கு நாலரை வயது. பிள்ளை புனிதையாவாள் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. மூத்த பெண்ணின் கல்யாணம், இரண்டாவது பெண்ணின் படிப்பு, மூன்றாவது பெண்ணின் பிடிவாதம் என்று அவர் கவலைப்பட்டதெல்லாம் நாம் படுகிற கவலைதான். மகள் பெற்ற பெயரைத் தாயின் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டால், அந்த அம்மா நாளும் பொழுதும் செய்தது எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவருடைய விசுவாசத்தை நான் வீட்டுக் கணக்கில் தேடுகிறேன். யாருக்கு எப்போது கூலி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது, குழந்தைக்கு எங்கிருந்து பால், வேலைக்காரியை என்ன செய்வது என்று அவர் முடிவெடுத்த இடங்களில்தான் அது துலக்கமாகத் தெரிகிறது. அவர் எழுதிய கடிதங்களில் 218 நமக்குக் கிடைத்திருக்கின்றன. லிசியேயில் மருந்துக்கடை வைத்திருந்த தம்பி இசிதோருக்கு, தம்பி மனைவிக்கு, விடுதியில் படித்த மகள்களுக்கு எழுதியவை. பக்திப் புத்தகம் எழுதுகிறோம் என்ற நினைப்பில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் அவற்றை நம்ப முடிகிறது.

செலி 1831 டிசம்பர் 23-ஆம் தேதி பிறந்தவர். அப்பா பழைய பட்டாளத்துக்காரர், பிறகு போலீஸ் வேலை. அம்மா கண்டிப்பானவர், விளையாட ஒரு பொம்மைகூட வாங்கித் தந்ததில்லை என்று பெரியவரான பிறகும் செலிக்கு மனக்குறை இருந்தது. கன்னியர் மடத்தில் சேரப் போனார். தலைமைச் சகோதரி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். லூயி கதையும் அப்படித்தான். ஆல்ப்ஸ் மலையில் புனித பெர்னார்து துறவிகளின் மடத்துக் கதவைத் தட்டினார். லத்தீன் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். மடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய இரண்டு பேர் சேர்ந்துதான் ஐந்து மகள்களை மடத்துக்குக் கொடுத்தார்கள். இதில் கடவுளின் நகைச்சுவை இருக்கிறது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிட, மடம் கிடைக்காத இருபது வயதுப் பெண் அடுத்து என்ன செய்தாள் என்பதில்தான் அக்கறை.

தொழில் கற்றுக்கொண்டார். அலான்சோன் ஊரின் புகழே லேஸால் வந்த புகழ். 1665-இல் பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கொல்பேர் அங்கே அரசுப் பட்டறையை ஏற்படுத்தினார். ஊசியும் நூலும் மட்டும் வைத்துச் செய்கிற லேஸ். தறி கிடையாது, துணி கிடையாது. தோல்தாளில் வரைந்து குத்திய கோலத்தின் மேல் நூலைப் படியவைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் கண்ணைக் கொடுத்து வேலை செய்ய வேண்டும். 2010-இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நாகர்கோவில், முளகுமூடு பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாமார் இங்கே இருந்தால் அவர்களுக்கு லேஸ் வேலையின் கழுத்துவலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

1853-இன் கடைசியில், கல்யாணம் ஆகாத, இருபத்திரண்டு வயதுகூட நிறையாத அந்தப் பெண், அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார். வேலைக்காரப் பெண்கள் அவரவர் வீட்டிலேயே இருந்து செய்வார்கள். ஒருத்தி ஒரு தையல்தான் போடுவாள். அடுத்த தையல் அடுத்தவள் கையில். இப்படிப் பல கை மாறி வருகிற துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைப்பதுதான் கடைசி வேலை, மிக நுணுக்கமான வேலை. அதைச் செலி தானே செய்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து செய்வார், வெளிச்சம் வேண்டுமே.

வாரத்தில் வியாழக்கிழமை அந்த வீட்டுக் கதவு ஓயாது. பெண்கள் முடித்த துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, கூலி வாங்கி, அடுத்த வாரத்துக் கோலத்தையும் நூலையும் வாங்கிப் போகிற நாள். ஊரில் சந்தையும் அன்றைக்குத்தான். நீங்கள் நினைத்துப் பாருங்கள்: அடுப்பில் சமையல், இடுப்பில் குழந்தை, வாசலில் கூலிக்கு நிற்கிற பெண்கள், பாரிஸிலிருந்து வந்த கடிதத்தில் அவசரமான ஆர்டர். அந்த லேஸே தன் வாழ்க்கையைக் கடினமாக்குகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். வேலை நிறைய வந்தால் தான் அடிமை. வேலை குறைந்தால் 20,000 பிராங்கு தன் தலையில் நிற்கும், தேடிப் பிடித்த வேலைக்காரப் பெண்களை வேறு முதலாளிகளிடம் அனுப்ப வேண்டிவரும் என்று கவலை. இரண்டாவது கவலையைக் கவனியுங்கள். கடனைப் பற்றிக் கவலைப்படாத முதலாளி இல்லை. அந்தப் பெண்கள் வேறிடம் போக வேண்டிவருமே என்பதையும் அதே மூச்சில் சொல்கிறவர்கள் குறைவு.

1858 ஜூலை 13-ஆம் தேதி நடுநிசியில் அலான்சோன் மாதா கோயிலில் லூயிக்கும் அவருக்கும் கல்யாணம். சார்த் ஆற்றுப் பாலத்தில் முதலில் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம் முடிந்தது. முதல் பத்து மாதம் இருவரும் அண்ணன் தங்கைபோல வாழ்ந்தார்கள் என்பதைச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னவர் ஒரு குருவானவர்தான் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். பிறகு பதின்மூன்று வருஷத்துக்குள் ஒன்பது பிள்ளைகள்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணமான பெண் தன் பெயரில் வியாபாரம் செய்யப் புருஷனின் சம்மதம் வேண்டும். லூயி சம்மதம் கொடுத்ததோடு நிற்கவில்லை என்பதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அலான்சோனைச் சுற்றியிருந்த விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குள் வருவார்கள். பெண்ணுக்கு நிச்சயம் செய்தவன் மோதிரம் வாங்க வேண்டுமென்றால் அன்றைக்குத்தான் அவனுக்கு ஒழிவு. மற்ற நகைக்கடைகள் திறந்திருக்கும். லூயி கடையைச் சாத்திவிடுவார். நண்பர்கள் யோசனை சொன்னார்கள்: முன்கதவைச் சாத்திக்கொள், பக்கத்துக் கதவைத் திறந்து வை, கட்டளையையும் மீறினதாக ஆகாது, வியாபாரமும் கெடாது. நமக்குப் பழக்கமான யோசனைதான். பெரிய வெள்ளியன்று பாதி ஷட்டர் இறக்கிவைத்த கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். லூயி ஒத்துக்கொள்ளவில்லை. செலியும் தம்பிக்கு எழுதும்போது, தங்களுக்குக் கைகூடிய வசதிக்கு இந்த ஓய்வுநாளைத் தவிர வேறு காரணம் தனக்குத் தெரியவில்லை என்றே எழுதினார்.

ஞாயிறு மூடினால் கடவுள் வியாபாரத்தைப் பெருக்குவார் என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை. மூடியும் நொடித்துப்போன நல்ல கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஞாயிறு என்ன தந்தது என்று பார்த்தால் எனக்கு விளங்குகிறது. லேஸ் கையை விட்டுக் கீழே இறங்கும் ஒரே நாள் அது. லூயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் நடப்பார். பண்டிகை, பலகாரம், கடிதம் எழுதுதல், தூக்கம் எல்லாம் அன்றைக்கு. செலியின் கடிதங்களில் நிறைய ஞாயிற்றுக்கிழமை எழுதியவை. கட்டளை என்று ஒன்று இல்லாமலிருந்தால் அந்த அம்மா ஏழு நாளும் ஜன்னலோரத்திலேயே இருந்திருப்பார்; பாரிஸ்காரர்களின் அவசரத்துக்கு எல்லை ஏது?

மற்ற நாளில் விடியற்காலை ஐந்தரை மணிப் பூசை. கூலி வேலைக்குப் போகிற ஏழைகள் வருகிற பூசை அது. வீட்டில் மாலை ஜெபம், மே மாதம் மாதா சுரூபத்துக்குப் பூ. அந்தச் சுரூபம் வீட்டுக்குப் பெரிதாக இருக்கிறது என்று மூத்தவள் மரி குறைசொன்னபோதும் செலி அதை மாற்றவில்லை. தவக்காலத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் எல்லாம் தவறாமல் உண்டு. ஆனால் ‘ஆனந்தமாக’ உபவாசம் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எப்போது முடியும் என்று நாள் எண்ணியிருக்கிறார். அதைக் கடிதத்திலும் ஒளிக்கவில்லை. இன்னொரு கடிதத்தில், ஊருக்குத் தியானம் கொடுக்க வந்த இரண்டு சாமியார்களைப் பற்றிச் சொல்கிறார். நாளொன்றுக்கு மூன்று பிரசங்கம். இரண்டு பேருமே நன்றாகப் பேசவில்லை. கடமைக்குப் போகிறோம், எனக்கு மட்டுமாவது அது கூடுதலாக ஒரு ஒறுத்தல்தான் என்கிறார். அருட்தந்தை சிரிக்கிறார். நல்லது. புனிதை ஒருவரே சொல்லியிருப்பதால் நானும் தைரியமாக நேரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமல்ல.

மூத்த பிள்ளைகளுக்குச் செலி தானே பால் கொடுத்தார். பிந்தி வந்த குழந்தைகளுக்கு முடியவில்லை. 1865 வாக்கில் மார்பில் ஒரு கட்டி இருப்பதைத் தம்பிக்கு எழுதினார். எதுவும் செய்யப்படவில்லை. அந்தக் காலத்தில் தாய்ப்பால் இல்லையென்றால் இரண்டே வழி. ஒன்று புட்டிப்பால், பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கும் முறை வீடுகளுக்கு வராத காலம், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்தாகப் போயின. இன்னொன்று, கிராமத்தில் பாலூட்டும் தாயிடம் கொடுத்து வளர்ப்பது. பிரான்சில் பணக்காரர்கள் மட்டுமல்ல, கடைக்காரர்கள், தையல்காரிகள், கூலிக்காரிகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். நல்லவள் கிடைத்தால் பிள்ளை தேறும். கிடைக்காவிட்டால் இல்லை.

முதல் பையன் ஐந்து மாதத்தில் போனான். இரண்டாவது பையன் எட்டு மாதத்தில். இருவருக்கும் சூசையப்பர் பெயர்தான் வைத்திருந்தார்கள். ஒருவன் குருவானவனாக வேண்டுமென்று வேண்டுதல். அடுத்து எலேன், ஐந்து வயது, ஓடி விளையாடின பெண், 1870 பிப்ரவரியில் போனாள். அதே வருஷம் ஆகஸ்டில் பிறந்த பெண்குழந்தையை அலான்சோனிலேயே ஒரு பாலூட்டும் பெண்ணிடம் விட்டார்கள். அவள் குழந்தைக்குச் சரியாகப் பாலே கொடுக்கவில்லை. அது தெரிந்து தூக்கிவருவதற்குள் கைமீறிப் போயிருந்தது. அக்டோபரில் குழந்தை இறந்தது. நாலு வருஷம் முடிவதற்குள் நாலு குழந்தை. இடையில் செலியின் அப்பாவும் காலமானார். அந்தக் குளிர்காலத்தில் பிரஷ்யப் படை ஊருக்குள் வந்தது. ஒன்பது சிப்பாய்களுக்கு வீட்டில் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. லேஸ் வேலையும் நடந்தது. நடக்காமல் எப்படி?

எலேன் இறந்த பின்னால் செலியைத் தின்றது வேறொரு நினைப்பு. பிள்ளை எப்போதோ ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தாள். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வைக்காமல் விட்டுவிட்டோமே, அதனால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிறாளோ என்று. மாதா சுரூபத்தின் முன்னால் அழுதபோது ஆறுதல் கிடைத்ததாக எழுதுகிறார். ஐந்து வயதுப் பிள்ளையின் பொய்க்கு உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒரு தாயை நடுங்கவைத்த போதனையைப் பற்றி எனக்குக் கசப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பக்தியில் பயம் நிறையவே கலந்திருந்தது. செலி அதற்குள்ளேதான் மூச்சுவிட்டார். பின்னாளில் தெரேசா கடவுளை அப்பாவின் மடியாகப் பார்த்தாரே, அதற்குக் காரணம் தேடுகிறவர்கள் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கட்டும்; அங்கே கேட்ட பிரசங்கங்களில் தேட வேண்டாம்.

1873 ஜனவரி 2-ஆம் தேதி தெரேசா பிறந்தார். நாற்பத்தொரு வயதுத் தாய். ஏற்கெனவே பட்ட பாடு தெரியும், அதனால் குழந்தையை வெளியே விடப் பயம். வீட்டிலேயே புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ச்சில் குழந்தை வற்றிப்போனது. தாய்ப்பால் கிடைத்தாலொழிய பிழைக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். லூயி ஊரில் இல்லை. விடியும் நேரத்தில் செலி தனியாகச் செமாலே கிராமத்துக்கு நடந்தார், எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அங்கே ரோஸ் தாய்யே என்ற விவசாயி மனைவி. முன்பு மூத்த பையனுக்குப் பால் கொடுத்தவர், நம்பிக்கையான மனுஷி. அவருக்கும் கைக்குழந்தை இருந்தது. புருஷனுக்கு மனமில்லை. ஆனாலும் ரோஸ் கிளம்பி வந்தார். குழந்தையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், வீணாக வந்தோம் என்று. செலி மாடிக்கு ஓடிப்போய்ச் சூசையப்பர் சுரூபத்தின் முன் விழுந்தார். இறங்கி வரும்போது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

இதைப் புதுமை என்று சொல்லலாம். நான் ரோஸையும் அதில் சேர்ப்பேன். தன் பிள்ளைக்கான பாலைப் பங்குபோட்டுக் கொடுத்த ஏழைத் தாய் அவர். 1874 ஏப்ரல் வரை தெரேசா செமாலேயில்தான் வளர்ந்தார். வெயிலில் கறுத்து, பசுவின் பக்கத்திலேயே கிடந்து, புல் ஏற்றிய கைவண்டியில் போய் வந்து தேறிய பிள்ளை. ஒரு வியாழக்கிழமை ரோஸ் சந்தைக்கு வந்தபோது குழந்தையைச் செலி வீட்டில் விட்டுப் போனார். குழந்தை வீறிட்டு அழுதது. பெற்ற தாயின் கையில் நிற்கவில்லை. லேஸ் கொண்டுவந்த பெண்களின் நடுவில், வேறு வழியில்லாமல், வேலைக்காரியிடம் கொடுத்துச் சந்தைக்கே அனுப்பினார்கள். ரோஸைப் பார்த்ததும் குழந்தை சிரித்தது. மத்தியானம் வரை வெண்ணெய்க் கூடையின் பக்கத்தில், ரோஸின் மடியிலேயே இருந்தது. செலி இதைக் கடிதத்தில் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். பொறாமையோ வருத்தமோ அதில் இல்லை. வேலைக்குப் போகிற அம்மாமார், பிள்ளை ஆயாவிடம் ஒட்டிக்கொண்டது என்று மனம் நொந்தவர்கள், இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அதே 1874 டிசம்பரில்தான், பாலுக்காக வெளியே விடப்படும் குழந்தைகளை அரசு மேற்பார்வையிட வேண்டும் என்று பிரான்சில் சட்டம் வந்தது. அந்த வீட்டுக்கு அது நாலு வருஷம் தாமதம்.

லியோனியைப் பற்றிப் பேசாமல் போனால் நான் பொய்யுரைத்தவளாவேன். மூன்றாவது மகள். நோஞ்சான், படிப்பு ஏறவில்லை, சொன்ன பேச்சு கேட்கமாட்டாள். அக்காமார் இருவரும் லெ மான் நகரத்து விசிட்டேஷன் மடத்தில் படித்தார்கள். செலியின் அக்கா அங்கே கன்னியாஸ்திரி. லியோனியையும் சேர்த்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் சேர்த்தார்கள், மறுபடியும் திருப்பினார்கள். வேறு வழி பார்க்கலாமென்று, துறவற உடை போட்டுக்கொண்டு பாடம் சொல்லித்தந்த இரண்டு பெண்களிடம் லியோனியை அனுப்பினார் செலி. அவர்கள் போலிகள். அவர்களிடம் இருந்த ஒரு ஏழைச் சிறுமியைப் பட்டினிபோட்டு வதைத்தது தெரிந்ததும், செலி சும்மா இருக்கவில்லை. போலீஸ் அதிகாரி வரைக்கும் போய் நின்று, அந்தச் சிறுமியை மீட்கச் செய்தார். உடுப்பைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளவில்லை.

ஆனால் தன் வீட்டுக்குள் நடந்தது பல வருஷம் அவர் கண்ணில் படவில்லை. வேலைக்காரி லூயிஸ், லியோனியை அடித்தும் மிரட்டியும் தன் கைக்குள் வைத்திருந்தாள். அம்மா சொன்னால் கேட்காத பிள்ளை லூயிஸ் கண்ணசைத்தால் நடுங்கும். அதைச் செலி லூயிஸின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார். அந்த லூயிஸ் நோயில் விழுந்தபோது செலிதான் வாரக்கணக்கில் இரவும் பகலும் பார்த்திருக்கிறார். 1877-இல் லெ மானில் அக்கா சாகக் கிடந்தார். அவரிடம் செலி ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்: மோட்சத்துக்குப் போனதும் முதல் வேலையாக மாதாவைப் பார், லியோனியைக் கொடுத்து என்னை இப்படி ஏமாற்றலாமா என்று கேள், ஏதாவது செய்யச் சொல். அக்கா பிப்ரவரியில் இறந்தார். அடுத்த மாதமே மூத்த மகள் மரி, லூயிஸின் கொடுமையைக் கண்டுபிடித்துவிட்டாள். செலிக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த நிமிஷமே வேலையைவிட்டுப் போகச் சொன்னார்; லூயிஸ் அழுது கெஞ்சி, செலியின் கடைசி நாள் வரை இருந்து பார்த்துக்கொள்ள மட்டும் இடம் வாங்கினாள். லியோனியோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்ற கட்டளையோடு.

கடைசி நாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முந்தைய டிசம்பரிலேயே, கட்டியை அறுக்க முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஜூனில் மூத்த மகள்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு லூர்துக்குப் போனார். ரயிலில் கும்பல், உடம்பு நோவு, தூக்கமில்லை, வழியெல்லாம் சங்கடம். தண்ணீரில் நாலு முறை முழுகினார். குணமாகவில்லை. திரும்பிவந்து அதையும் அப்படியே எழுதினார், அலங்காரமில்லாமல். இங்கே என் பிரசங்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். 1865-இல் கட்டிக்கு வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இன்றைக்கு உண்டு. கையில் கட்டி தட்டுப்பட்டால் லூர்துத் தண்ணீருக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தக் கடைசி வருஷத்தில்கூட அவர் மகள்களை வெளி உலகத்திலிருந்து ஒளித்துவைக்கவில்லை. பதினாறு வயது மரி தோழிமாரோடு விருந்துக்குப் போய்வருவதை மடத்து அக்கா விரும்பவில்லை. அப்படியானால் எல்லாரும் மடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டுமா என்ற தோரணையில் செலி பதில் எழுதினார். பிள்ளைகளுக்கு நல்ல உடுப்புத் தைப்பதில் அவருக்கு ஆசையும் உண்டு, ரசனையும் உண்டு. இதையும் புனிதர்களின் சரித்திரத்தில் சேர்த்தால் நம் பெண்பிள்ளைகள் கேட்பார்கள்.

1877 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இறந்தார். நாற்பத்தைந்து வயது. லூயி தொழிலை விற்றுவிட்டார்; நவம்பரில் குடும்பம் மைத்துனர் இருந்த லிசியேக்குக் குடிபோனது. மற்றது நமக்குத் தெரியும். நாலு பெண்கள் ஒவ்வொருவராக லிசியே கார்மேல் மடத்துக்குள் போனார்கள். 2015 அக்டோபர் 18-ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தார். தம்பதியாகச் சேர்த்துப் புனிதர் பட்டம் கொடுத்தது அதுவே முதல் முறை.

லியோனி மூன்று முறை மடத்தில் சேர்ந்து மூன்று முறையும் வெளியே வந்தார். 1899-இல் நாலாவது முறை கான் நகரத்து விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்தார், 1941-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 2015 ஜூலையில், பெற்றோருக்குப் பட்டம் கொடுப்பதற்கு மூன்று மாதம் முன்னால், அவரைப் புனிதராக்கும் விசாரணையும் தொடங்கியது. கான் மடத்தில் இருக்கிற அவருடைய கல்லறைக்கு இப்போது வருகிறவர்களில் அடங்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதிகம்.